எமிலியாவின் வெள்ளைத் தக்கைகள்

மாம்புரியில் ஒரு கல்யாணம் பேசி முடிந்தால் முதலில் எமிலியாவிடம் சொல்வார்கள், பிறகுதான் பங்குச் சுவாமியிடம். தவக்காலமும் திருவருகைக் காலமும் தவிர எந்த மாதமும் சுவாமி திகதி தருவார். எமிலியாவின் வைனுக்கு மரமுந்திரிகைப் பழம் வேண்டும். அது வருடத்தில் ஒரு பருவத்தில் மட்டும்தான் விழும்.

எமிலியா என் அம்மாவின் தங்கை, எனக்குச் சின்னம்மா. குட்டையான உருவம், வெங்காய மூட்டை தூக்கிப் பழகிய தோள். வீட்டில் இருக்கும்போது கணவரின் பழைய சேர்ட்டைக் கவுனுக்கு மேல் போட்டிருப்பாள். சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் எங்கள் ஊரில் எல்லோரும் கத்தித்தான் கதைப்பார்கள். எமிலியா காற்று நின்ற பிறகும் அப்படியே கதைப்பாள். ஒரு காரியம் முடியாது என்று யாராவது சொன்னால், அது மட்டும் அவள் காதில் விழாது.

அவள் வைன் போடப் பழகியது யுத்த காலத்தில். அப்போது இரவில் கடலுக்குப் போகத் தடை, கொழும்பு ரோட்டில் சோதனைச் சாவடிகள். அவளுடைய கணவர் அன்ரனிப்பிள்ளை கரையில் சும்மா இருந்த நாட்களில், அவள் ஒரு மரமுந்திரிகைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனாள். தோட்டக்காரருக்குக் கொட்டைதான் வேண்டும், பழத்தைத் திருகி எறிந்துவிடுவார்கள். மரத்தடியில் சிவப்பும் மஞ்சளுமாக அழுகிக் கிடந்த பழத்தை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஒரு வாளி கொண்டுவந்து பிழிந்து, தொண்டையைக் கரகரக்க வைக்கும் துவர்ப்புப் போகக் கஞ்சித் தண்ணீர் ஊற்றித் தெளியவிட்டு, சீனி போட்டு மூடி வைத்தாள். பிள்ளைகளுக்குச் சர்பத் கொடுக்கும் எண்ணம். பிறகு மறந்துவிட்டாள். ஒருநாள் மத்தியானம் மூடி பறந்துபோய்க் கூரைத் தகரத்தில் அடித்தது. அந்த மாதம் பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குக் கொழும்பிலிருந்து வர வேண்டிய வைன் வராமல் போகவே, எமிலியா அந்த வாளியை வடித்துக் கொடுத்தாள். குடித்தவர்கள் மறுபடி கேட்டார்கள். அவ்வளவுதான் தொடக்கம்.

அவள் அதை விற்பதில்லை. “வித்தா பொலிஸ் வரும், குடுத்தா ஆசீர்வாதம் வரும்” என்பாள். கல்யாண வீட்டார் சீனியும் போத்தலும் கொண்டுவந்து தருவார்கள். பழமும் கையும் அவளுடையது.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் கேக் வெட்டியதும் ஒவ்வொரு மேசைக்கும் ஒரு போத்தல் வரும். அது மூடிய போத்தலாக வர வேண்டும். அந்த மேசையில் இருக்கிற மூத்தவர்தான் அதைத் திறந்து மற்றவர்களுக்கு ஊற்றுவார். குசினியில் ஊற்றிக் கொண்டுவந்தால், தண்ணீர் கலந்திருக்கிறது என்று அடுத்த கல்யாணம் வரைக்கும் கதை இருக்கும். ஆகையால் மூடி முக்கியம். எமிலியா எப்போதும் சாராயப் போத்தல்களைத்தான் எடுப்பாள். லேபிலை ஊறவைத்துச் சுரண்டி, அதன் திருகு மூடியை அவித்து இறுக்கி, கழுத்தை உருக்கிய மெழுகில் முக்குவாள். மெழுகு, தலவில் கோவில் திருவிழா முடிந்ததும் கூட்டி அள்ளிய மெழுகுதிரித் துண்டுகள். இத்தனை வருடமும் ஒருவரும் ஒரு குறை சொன்னதில்லை.

குறை வந்தது என் தங்கை ஜசிந்தாவின் கல்யாணத்தில்.

அப்போது யுத்தம் முடிந்து ஏழெட்டு வருடம். ஊர் ஊராக வேலை செய்து திரிந்த நான் கல்யாணத்துக்காகத் திரும்பி வந்திருந்தேன், பையை இன்னும் முழுதாகப் பிரிக்கவில்லை. மாப்பிள்ளை றொமேஷ் சிலாபத்துப் பையன். அவனுடைய அம்மா மெரினா இருபது வருடம் இத்தாலியில் வேலை செய்து வீடு கட்டியவள். அந்த ஒரு செய்திதான் எமிலியாவைக் கெடுத்தது.

“இத்தாலியில வைன் எண்டா தண்ணி மாதிரி. அங்க இருந்து வாறவளுக்கு முன்னால சாராயப் போத்தலயா வைக்கிறது? இந்த முறை கோர்க்குத்தான்” என்று அவள் தீர்மானித்துவிட்டாள்.

தக்கைக்கு எங்கே போவது? காற்றாடி கட்டிக் கடலில் சறுக்கும் வெள்ளைக்காரருக்காக ஆலங்குடாப் பக்கம் ஹோட்டல்கள் முளைத்திருந்தன. அங்கே பாத்திரம் கழுவப் போகும் எங்கள் ஊர்ப் பெண்கள் எமிலியாவுக்காகத் தக்கைகளையும் நீளக் கழுத்துப் போத்தல்களையும் சேர்த்தார்கள். ஆனி மாதக் கடைசியில் அவள் வைனை அந்தப் போத்தல்களில் ஊற்றி, அவித்த தக்கையை மரச் சுத்தியலால் அடித்து இறக்கி, ஹோட்டலில் தக்கை இழுக்கத் திருகாணி குத்திய ஓட்டையையும் மூடி மெழுகு ஊற்றினாள். வரிசையாக நிறுத்திப் பார்த்தபோது கடையில் வைத்ததுபோல இருந்தது என்று அம்மா சொன்னாள்.

கோவிலில் கல்யாண ஓலையை மூன்றாம் தரம் வாசித்து அறிவித்த ஞாயிற்றுக்கிழமை, கல்யாணத்துக்கு இன்னும் ஆறு நாள் இருக்க, எங்கள் வீட்டில் முதல் போத்தலைத் திறந்தோம். அது வழக்கம். வீட்டு ஆட்கள் மட்டும்தான். எமிலியா வரிசையிலேயே அழகான போத்தலைத் தெரிந்தெடுத்துக் கொண்டுவந்திருந்தாள். அப்பா மெழுகை உடைத்துத் தக்கையை இழுத்தார். பாற்சோறு மாதிரி வெள்ளைத் தக்கை.

அப்பா ஒரு வாய் குடித்தார். பிறகு கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, வெளியே ஆடு கத்துகிறதா என்று பார்க்கப் போனார். எங்கள் வீட்டில் ஆடு இல்லை.

எமிலியா கிளாஸை எடுத்து மூக்கருகில் வைத்து மணந்தாள். அவள் முகம் மாறியது. மறுபடி மணந்தாள்.

“இப்ப ஒண்டுமில்லயே” என்றாள்.

“நல்லாத்தானே இருக்கு” என்றார் அன்ரனிப்பிள்ளைச் சித்தப்பா. அவருடைய கிளாஸ் ஏற்கனவே காலி.

“நீங்க கதைக்காதீங்க. உங்களுக்கு மண்ணெண்ணெயக் குடுத்தாலும் நல்லாத்தான் இருக்கும்.”

நான் வாங்கி மணந்தேன். மழையில் நனைந்து மூலையில் கிடந்த சாக்கு. அதற்குப் பின்னால் எங்கோ தூரத்தில், பழம். எனக்கு அந்த வாசம் தெரியும். மெல்பேர்ணில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தபோது, விலை கூடின போத்தல்களை ஆட்கள் மணந்து பார்த்துத் திருப்பி அனுப்புவார்கள். அங்கே அதற்கு ஒரே காரணம்தான் சொல்வார்கள்.

“வைன்ல பிழை இல்ல, சின்னம்மா. கோர்க்குதான் பிழை. சில கோர்க்குல இந்த வாசம் ஏறிடும். முதல் தரம் மணக்கேக்க தெரியும், பிறகு மூக்கு செத்துடும், ஒண்டும் தெரியாது.”

“வெள்ளைக்காரன்ட போத்தல்ல இருந்து வந்த கோர்க்குடி.”

“அவங்களும் திருப்பி அனுப்புறவங்கதான். இப்ப அங்க நல்ல வைனுக்கும் திருகு மூடிதான் போடுறாங்க.”

“அங்க உள்ளவன் திருகினா நாகரிகம்” என்றாள் எமிலியா. “நான் திருகினா சாராயக்காரி.”

அம்மா மெதுவாகச் சொன்னாள், “எமிலி, கோவிக்காத. மெரினா அக்காட்ட சொல்லி நீர்கொழும்புக் கடையில எடுப்பமே. சம்மந்தி வீட்டு ஆக்கள் வந்து வாயில வச்சிட்டு முகத்தச் சுழிச்சா, பொம்புளப் புள்ளைக்குத்தானே கூடாது.”

எமிலியா அம்மாவைப் பார்த்தாள். இருபது வருடமாக ஊரில் எல்லாக் கல்யாணத்துக்கும் அவள் வைன். சொந்த அக்காவின் மகளுக்கு மட்டும் கடை வைன் என்றால், அடுத்த பருவத்தில் யாரும் அவள் வீட்டுக்குச் சீனி கொண்டுவரமாட்டார்கள். அது அம்மாவுக்கும் தெரியும், அதனால்தான் மெதுவாகச் சொன்னாள்.

“புதன்கிழம மட்டும் பொறு” என்றாள் எமிலியா. “புதன்கிழம நானே வந்து சொல்றன், கடைக்குப் போறதா இல்லயா எண்டு.”

அன்றைக்கே அவள் வேலையைத் தொடங்கினாள். நான் சொன்னதை அவள் நம்பவில்லை, மறுக்கவும் இல்லை. வைனா தக்கையா என்று தானே பார்க்க வேண்டும் அவளுக்கு. மிஞ்சிக் கிடந்த தக்கைகளை எடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனி ஜாம் போத்தலில் போட்டு, கொதித்து ஆறிய தண்ணீரை ஊற்றி மூடினாள். தண்ணீருக்கு வாசம் இல்லை, ஆகவே வருகிற வாசம் தக்கையுடையது. எனக்கு இது தோன்றவில்லை என்பதை அவள் இரண்டு தரம் சுட்டிக்காட்டினாள்.

காலையில் மணப்பதற்கு ஆள் தேவைப்பட்டது. எங்கள் மூக்குகளை நாங்களே நம்பவில்லை. எமிலியா வேலிக்கு மேலால் மர்ளியாவைக் கூப்பிட்டாள்.

மர்ளியாவின் குடும்பம் தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது உடுத்த உடுப்போடு வந்தது. அவளும் எமிலியாவும் அந்தக் காலத்தில் ஒரே வெங்காயத் தோட்டத்தில் கூலிக்குப் போனவர்கள். பிறகு மர்ளியா எங்கள் ஊரிலேயே காணி வாங்கி வந்துவிட்டாள். அவளுடைய கணவர் முனாஸ் மதுரங்குளியில் பழைய இரும்பும் போத்தலும் வாங்கி விற்கிறவர்.

“எமிலி, உன்ட சாமான நான் தொட மாட்டன், தெரியுந்தானே” என்று சொல்லிக்கொண்டே வந்தாள் மர்ளியா.

“உன்ன ஆரு குடிக்கச் சொன்ன? இது பச்சத் தண்ணி. மணந்து மட்டும் பாரு.”

முதல் போத்தலை மணந்து மர்ளியா தலையாட்டினாள். “ஒண்டுமில்ல. தண்ணி.”

இரண்டாவதை மூக்கருகில் கொண்டுபோனவள் அப்படியே நின்றாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“யா அல்லாஹ். இது எங்கட முகாம்.”

“என்ன?”

“முகாம்டி. பள்ளிவாசல்துறைப் பக்கம் நாங்க ஓலக் கொட்டில்ல இருந்தமே. மழ பெஞ்சு மூணு நாளைக்குப் பொறகு பாயத் தூக்கினா அடியில ஒரு மணம் வரும். ஓதுற கிதாபுலயும் ஏறும், சோத்துலயும் ஏறும். இந்த மணந்தான்.” போத்தலைத் தூரமாகத் தள்ளி வைத்தாள். “இத எதுக்கு நீ போத்தல்ல அடைச்சு வச்சிரிக்கா?”

எமிலியா இரண்டு போத்தல்களையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசமில்லாத தண்ணீரில் கிடந்தது மண்ணிறத் தக்கை. முகாம் மணத்ததில் கிடந்தது வெள்ளைத் தக்கை. மற்றப் போத்தல்களையும் நிரைக்கு வைத்தாள். காற்றில் கொஞ்சம் நடந்து வந்து மர்ளியா எல்லாவற்றையும் மணந்தாள். மண்ணிறமெல்லாம் தண்ணீர். வெள்ளையெல்லாம் முகாம்.

“அந்தோனியாரே” என்றாள் எமிலியா. பிறகு வீட்டுக்குள் பார்த்து, “இஞ்ச வாங்க!” என்று கணவரைக் கூப்பிட்டாள். “அண்டைக்கு நீங்க இறால் பண்ணையில இருந்து ஒரு தூள் கொண்டு வந்தீங்களே, அது என்ன?”

“குளோரின். நீதானே கேட்ட.”

சித்தப்பா படகை விற்ற பிறகு இறால் பண்ணை ஒன்றில் காவலுக்குப் போகிறார். நோய் வந்த தொட்டிகளுக்கு அங்கே குளோரின் தூளை மூட்டை கணக்கில் கொட்டுவார்கள். கிணற்றுக்கும் அதைத்தானே போடுகிறோம், அதைவிடச் சுத்தம் எது என்று எமிலியா நினைத்திருக்கிறாள். வெள்ளை வைன் போத்தலில் இருந்து வந்த தக்கைகளில் கறை இல்லை, அவற்றை அவித்துக் கூரைத் தகரத்தில் வெயிலில் காயவைத்தாள். சிவப்பு வைன் போத்தலில் இருந்து வந்தவற்றின் அடி, சாயம் ஏறிக் கறுத்திருந்தது. இழுத்ததும் வேறொருவன் குடித்த போத்தலின் தக்கை என்று சம்மந்தி வீட்டாருக்குத் தெரிந்துவிடும். ஆகவே அவற்றைக் குளோரினில் இரண்டு நாள் ஊறப் போட்டாள். வெள்ளை வெளேரென்று வந்தன. அதற்குள் சோளகம் தொடங்கி மணல் பறந்தது. ஈரத் தக்கையில் மணல் ஒட்டும் என்று அவற்றைக் கூரைக்கு ஏற்றாமல், வலைக் கொட்டிலில் ஈரச் சாக்கின் மேல் பரப்பி, இன்னொரு சாக்கால் மூடி வைத்தாள்.

மெல்பேர்ணில் எனக்குச் சொல்லித் தந்ததும் இதுதான்: தக்கை, குளோரின், பூஞ்சணம், மூன்றும் சேரக் கூடாது. எமிலியா மூன்றையும் ஒரே கொட்டிலில் கூட்டியிருந்தாள். நான் அதைச் சொன்னேன்.

“ஓம், ஓம். நல்லாக் கழுவினதுதான் நாறுது” என்றாள். “மோசமான கோர்க்க மோசமாவே விட்டிருந்தா தப்பியிருக்கும். இன்னும் பெரிய கூத்து என்ன தெரியுமா? வடிவான வெள்ளக் கோர்க் எல்லாத்தையும் நான் சம்மந்தி வீட்டு மேசைகளுக்கெண்டு ஒதுக்கி வச்சிருக்கன்.”

மர்ளியா சிரிக்கத் தொடங்கினாள். எமிலியா ஒரு நிமிடம் முறைத்தாள், பிறகு அவளும் சிரித்தாள். அழுவாளோ என்று பயந்துகொண்டிருந்த நான் அவளை இன்னும் சரியாக அறியவில்லை.

செவ்வாய்க்கிழமை எல்லாப் போத்தல்களின் மெழுகும் உடைந்தது. வெள்ளைத் தக்கை கண்டதும் அந்தப் போத்தல் முற்றத்தின் இடது பக்கம் போனது. மண்ணிறத் தக்கைப் போத்தல்களையும் எமிலியா கண்ணை மூடிக்கொண்டு நம்பவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டு வேலி ஓரமாக நிறுத்தினாள். ஒருத்தி ஒரு போத்தலை மணந்துவிட்டுக் கடற்கரை வரைக்கும் நடந்துபோய்க் காற்றில் மூக்கைக் கழுவிக்கொண்டு வர வேண்டும், அதற்குள் அடுத்தவள்.

“எமிலியா அக்கா, மணந்தது போதும், ஒரு வாய் தாங்களேன்” என்றாள் ஒருத்தி.

“வெட்கமில்லயாடி? புருசன் தொழிலுக்குப் போன நேரத்துல.”

“அவர் வந்தா எனக்கு மிஞ்சாதே.”

மண்ணிறத்தில் ஒன்றே ஒன்று கெட்டிருந்தது. அது ஹோட்டலிலேயே கெட்டு வந்த தக்கையாக இருக்க வேண்டும். அதுவும் இடது பக்கம் போனது. வலது பக்கம் நின்றவை மேசைகளுக்கு மட்டுமட்டாகப் போதும்.

இப்போது அவற்றை எதனால் மூடுவது என்பதுதான் கேள்வி. மிஞ்சிய தக்கை ஒன்றையும் எமிலியா தொடத் தயாரில்லை. மாலையில் முனாஸ் மதுரங்குளியிலிருந்து தன் லொறியில் ஒரு கூடை கொண்டுவந்து இறக்கினார். எல்லாம் சாராயப் போத்தல், எல்லாவற்றுக்கும் திருகு மூடி.

“நாநா, நீங்களே இத ஏத்தி வந்தீங்களா?” என்று நான் கேட்டேன்.

“வெறும் போத்தலுக்கு என்ன மார்க்கம், மகள்?” என்றார். “உள்ள ஊத்தினாப் பொறகு எனக்குக் காட்டாதீங்க, அவ்வளவுதான்.”

புதன்கிழமை காலையில் எமிலியா சொன்னபடி அம்மாவிடம் வந்தாள். குளித்து, கோவிலுக்குப் போகும் சாறியைக் கட்டியிருந்தாள். கையில் பிரம்புக் கூடை, அதற்குள் இரண்டு போத்தல்.

“கடைக்குப் போக வேணாம்” என்றாள். “நான் சிலாபத்துக்குப் போறன்.”

அம்மா பதறிப்போனாள். “அங்க எதுக்கு? சாமர்த்தியமா இஞ்சயே முடிக்கிறத விட்டுட்டு.”

“சாராயப் போத்தலப் பாத்து மெரினா அக்கா பந்தல்ல வச்சு முகத்தச் சுழிக்கிறதவிட, அவட வீட்டுலயே சுழிக்கட்டும். இவளக் கூட்டிப் போறன். வெளிநாட்டுக்காரிக்கு வெளிநாட்டுக்காரி.”

அப்படித்தான் நானும் பஸ் ஏறினேன்.

மெரினாவின் வீடு ஓடு பதித்த பெரிய வீடு, கண்ணாடி அலுமாரி நிறையப் புனிதர்களின் சுருவங்களும் கோப்பைகளும். கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கப் பெண் வீட்டார் சொல்லாமல் வந்து நின்றதும் அவளுக்கு மூச்சு நின்றுவிட்டது.

“அனே நங்கி! என்ன நடந்த? புள்ளைக்கு ஒண்டுமில்லயே?” சிலாபத்தில் தங்கச்சியைச் சிங்களத்தில் நங்கி என்றுதான் கூப்பிடுவார்கள்.

“புள்ளைக்கு ஒண்டுமில்ல, அக்கா. வைனுக்குத்தான்.”

எமிலியா எதையும் சுற்றி வளைக்கவில்லை. இரண்டு கிளாஸ் கேட்டாள். வெள்ளைத் தக்கைப் போத்தலிலிருந்து ஒன்றிலும், சாராயப் போத்தலிலிருந்து மற்றதிலும் ஊற்றினாள். முதலில் கெட்டதை நீட்டினாள். மெரினா மணந்ததும் கையை நீட்டிக் கிளாஸைத் தூரப் பிடித்தாள்.

“சீக்! இது எனக்குத் தெரியும், நங்கி. அங்க நான் வேலைக்கு நிண்டு பாத்த கிழவர் இப்பிடித்தான் போத்தலத் தொறந்து மணந்துட்டுத் தொட்டியில ஊத்துவார். எவ்வளவு நல்ல போத்தல்! மனுசனுக்கு மூள சரியில்லயெண்டுதான் நான் நெனச்சன். அவர்ட மகள்மாரிட்டயும் செல்லிட்டன். பாவம் மனுசன்!”

“கொஞ்சம் வெளிய நிண்டுட்டு வந்து மற்றதக் குடிச்சுப் பாருங்க.”

மெரினா வாசலில் நின்றுவிட்டு வந்து குடித்தாள். மெதுவாகக் குடித்தாள். கிளாஸை வைத்துவிட்டுப் போத்தலைப் பார்த்தாள்.

“வைன் நல்ல வைன். மெய்யாத்தான் செல்றன். ஆனா போத்தல், நங்கி?”

“அந்தப் போத்தல்லதான் மூடி சரியா இருக்கு.”

“அதுக்கு? எங்கட ஆக்கள் அங்க இருந்து பேஸ்புக்குல பாப்பாங்க. கேக்குக்குப் பக்கத்துல சாராயப் போத்தல் நிண்டா, மெரினாட மகன் சாராயத் தவறணையில கல்யாணம் முடிச்ச எண்டு செல்லுவாங்க.”

“அப்ப நாறுற வைனக் குடுக்கவா?”

“அப்பிடிச் செல்லல்லயே.”

“கடையில வாங்குறதா இருந்தா வாங்குங்க. ஆனா அந்தப் பந்தல்ல நான் சோறு மட்டுந்தான் பரிமாறுவன்.”

நான் அலுமாரியில் இருந்த சுருவங்களைப் பார்த்தேன். கடைசியில் எமிலியாதான் மறுபடி வாய் திறந்தாள்.

“போட்டோவுக்கு எத்தின போத்தல் வேணும், அக்கா?”

மெரினா யோசித்தாள். “போட்டோ எடுக்கிறது பெரிய மேசையிலதானே. ஒண்டு.”

“ஒண்டு நான் வைக்கிறன். நீளக் கழுத்து, வெள்ளக் கோர்க், சிவப்பு மெழுகு. இத்தாலியிலயும் அப்பிடி ஒரு போத்தல் இருக்காது. ஆனா ஒருத்தரும் தொறக்கக் கூடாது.”

“உள்ள என்ன ஊத்துவீங்க?”

“தேத்தண்ணி.”

மெரினா வாயைப் பொத்திக்கொண்டாள், ஆனால் தோள் குலுங்கியது. “ஹரி, சரி” என்றாள். “ஹரி, நங்கி. மற்ற மேசைக்கெல்லாம் உங்கட விருப்பம்.”

சனிக்கிழமை பந்தலில் எல்லாம் சரியாகப் போனது. கேக் வெட்டினார்கள். சாராயப் போத்தல்கள் கழுத்தில் சிவப்பு மெழுகோடு மேசை மேசையாகப் போயின. சிலாபத்து ஆட்கள் முதலில் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், ஒருவர் ஏதோ பகிடி சொன்னார், பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். பிறகு மூத்தவர்கள் மெழுகை உடைத்துத் திருகினார்கள், ஊற்றினார்கள், குடித்தார்கள். பகிடி சொன்ன மனுசன் இரண்டாம் தரம் கிளாஸை நீட்டியதை எமிலியா பந்தல்காலுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். அதன் பிறகுதான் அவள் மூச்சு விட்டாள் என்று நினைக்கிறேன்.

பெரிய மேசையில் வெள்ளைத் தக்கைப் போத்தல் கம்பீரமாக நின்றது. படம் எடுத்தார்கள். ஜசிந்தாவும் றொமேஷும் அதன் இரு பக்கமும் நின்று சிரித்தார்கள்.

நாங்கள் எல்லோரும் மறந்துபோனது ஒன்று. பெரிய மேசையிலும் ஒரு மூத்தவர் இருப்பார்.

றொமேஷின் அப்பாவின் சித்தப்பா, எண்பது வயது தாண்டியவர், கோட்டுப் போட்டு நடுவில் இருந்தார். மற்ற மேசைகளில் ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், தன் கடமை நினைவு வந்து எழுந்தார். பையிலிருந்து ஒரு மடக்குக் கத்தியை எடுத்தார், அதில் தக்கை இழுக்கும் திருகாணியும் இருந்தது. போத்தலின் கழுத்தைப் பிடித்தார்.

எமிலியா பந்தல்காலிலிருந்து ஓடினாள். ஆனால் பெரிய மேசைக்குப் பக்கத்தில் நின்றது மெரினா.

“மாமா, மாமா! அதத் தொறக்க வேணாம்!”

“ஏன்? மூத்தவன் நான்தானே.”

மெரினா எமிலியாவைப் பார்த்தாள். எமிலியா இன்னும் பாதி வழியில்தான் வந்திருந்தாள்.

“அது முதல் புள்ளட ஞானஸ்நானத்துக்கு” என்றாள் மெரினா, பந்தல் முழுதும் கேட்க. “மாம்புரியில அப்பிடித்தான் வழக்கமாம். கல்யாணத்துல வைச்ச போத்தல முதல் புள்ளைக்குத்தான் தொறப்பாங்க. நீங்கதான் வந்து தொறக்கணும், மாமா.”

பந்தல் கை தட்டியது. கிழவர் போத்தலை இரண்டு கையாலும் தூக்கி எல்லோருக்கும் காட்டிவிட்டுத் திரும்ப வைத்தார். ஜசிந்தா முகம் சிவந்து குனிந்தாள். மாம்புரிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்து, இப்படி ஒரு வழக்கம் எப்போதிருந்து என்று கேட்டுக்கொண்டார்கள். ஆனால் அடுத்த வருடம் நடந்த இரண்டு கல்யாணங்களில் பெரிய மேசையில் ஒரு போத்தல் திறக்காமல் எடுத்து வைக்கப்பட்டதாக அம்மா எனக்கு எழுதினாள். நான் அப்போது மறுபடி வெளியூரில் இருந்தேன்.

ஞானஸ்நானத்துக்கு வந்தேன். எமிலியா முதல்நாளே சிலாபத்துக்கு வந்து என்னைக் குசினிக்குக் கூப்பிட்டாள். கண்ணாடி அலுமாரியில் சுருவங்களுக்கு நடுவே நின்ற போத்தல் மேசைமேல் வந்திருந்தது. மெரினா கதவைச் சாத்தினாள். தக்கையை இழுத்ததும் மூன்று பேரும் ஒன்றாக முகத்தைத் திருப்பினோம். தேத்தண்ணியின் மேல் ஒரு விரல் தடிப்புக்குப் பூஞ்சணம் மிதந்தது.

“முகாம்” என்றாள் எமிலியா. “மர்ளியா இருந்தா எங்களுக்குச் சொல்லியிருப்பா.” போத்தலைத் தொட்டியில் கவிழ்த்தாள்.

“கழுவி இதுலயே புது வைன ஊத்துவம், நங்கி” என்றாள் மெரினா. “நல்ல கோர்க் ஒண்டு நான் அங்க இருந்து எடுப்பிச்சு வச்சிருக்கன். புத்தம் புதுசு.”

எமிலியா அந்தத் தக்கையை வாங்கினாள். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள், மணந்தாள். ஒரு கிளாஸ் தண்ணீரில் போட்டு ஒரு இரவு வைப்பாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் அதை மெரினாவின் உள்ளங்கையில் திரும்ப வைத்தாள்.

“வடிவா இருக்கு. சுருவத்துக்குப் பக்கத்துல வைங்க” என்று சொல்லிவிட்டு, கூடையிலிருந்து தன் சாராயப் போத்தலை எடுத்து மேசையில் வைத்தாள்.

மறுநாள் குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றிக் கோவிலிலிருந்து வந்ததும், கிழவர் அதே கோட்டோடு நடுவில் வந்து உட்கார்ந்தார். மடக்குக் கத்தியை வெளியே எடுத்தார். முன்னால் நின்ற போத்தலைப் பார்த்தார், மெழுகை உடைத்தார், மூடியைப் பார்த்தார். கத்தியை மடித்துப் பையில் போட்டுவிட்டு, நடுங்கும் கையால் ஒரு தடவை திருகினார். திறந்துகொண்டது.

“இது நல்லம்” என்றார். “என்ட கைக்கும் ஏலுது.”